வலப்புறம் போக விரும்புவோரைப் பாலமேற்றி அனுப்பும் சந்திப்பு

அனுப்புநர்:
கீழே ஒப்பமிட்டிருப்பவர்
(ஓட்டுநர் தேர்வுக்கு நான்காம் முறையாக வரவிருக்கும் விண்ணப்பதாரரின் மகள்),
திரைச்சீலைக் கடையின் மாடி,
ஆற்றின் இக்கரை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
சாலைக் குறியீட்டுப் பிரிவு.

நகல்:
ஓட்டுநர் தேர்வு ஆய்வாளர் அவர்களுக்கு. வருத்தம் ஏதுமின்றி.

பொருள்: பாலத்துச் சந்திப்பில் தடங்களுக்கான அம்புக்குறிகள் மிகத் தாமதமாகத் தொடங்குவதும், அதனால் சட்டத்தை மதிப்பவர்கள் மட்டும் ஆற்றைக் கடக்க நேர்வதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, அம்மாவுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. வண்டி ஓட்டவும் தெரியும். இடது வலது குழப்பம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், தங்கள் அலுவலகத் தொலைபேசியை எடுத்தவர் உட்பட, இதே வரிசையில்தான் கேட்டார்கள்.

1. சந்திப்பைத் தாங்கள் வரைபடத்தில் அறிவீர்கள். தரையில் அது இப்படி இருக்கிறது. நான்கு தடங்கள். இடது ஓரத் தடம் இடப்புறம் திரும்புவதற்கு. இரண்டாவது நேராகப் பாலத்துக்கு. மூன்றாவதும் நான்காவதும் வலப்புறம் திரும்புவதற்கு. ஓட்டுநர் தேர்வு அலுவலகம் அந்த வலப்புறச் சாலையில், திரும்பியவுடன் இடக்கைப் பக்கம். தங்கள் அலுவலகமும் அதே வளாகம்தான். ஆகவே தங்களையோ ஆய்வாளரையோ பார்க்க வருபவருக்குச் சரியான தடம் ஒன்றே ஒன்று. மூன்றாவது. நான்காவதில் நின்று ஒழுங்காகத் திரும்பினால், புதிய சாலையின் வலது ஓரத்தில் போய்ச் சேர்வோம். வளாகத்தின் வாயில் இடப்பக்கம் மெல்லக் கடந்து போகும். கையசைக்கலாம். நுழைய முடியாது.

2. எந்தத் தடம் எங்கே போகும் என்பதைச் சொல்லும் அம்புக்குறிகள் நிறுத்தக்கோட்டை ஒட்டி மட்டுமே வரையப்பட்டுள்ளன. சிக்னலில் நிற்கும் வண்டிகள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. ஓர் அம்புக்குறியைப் பார்க்க வேண்டுமானால் அதுவரை போக வேண்டும். போய்விட்டால் அது நம் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

அதற்கு வெகு முன்பே, தடங்களுக்கு நடுவில் விட்டுவிட்டு வரும் கோடு முழுக்கோடாக மாறிவிடுகிறது. முழுக்கோட்டைத் தாண்டித் தடம் மாறக் கூடாது என்பது விதி. தங்கள் பிரிவு வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. அம்மா அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டியிருக்கிறார்.

அறிவிப்புப் பலகை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. பெரியது, பச்சை நிறம், எழுத்துகள் தெளிவு. ‘வலப்புறம் செல்வோர் வலப்புறத் தடங்களைப் பயன்படுத்தவும்.’ அதைப் பாலத்தின் தொடக்கத்தில் நட்டிருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் ஏற்கெனவே பாலத்தில் இருக்கிறார்.

3. அம்மா யார் என்பதையும் சொல்ல வேண்டும். விபத்துப் பிரிவு வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவர். முழங்கால்கள் இனி வார்டில் நிற்க ஒத்துக்கொள்ளாது என்று ஆனபோது, அவருடைய பழைய மேற்பார்வையாளர் வேறொரு வேலை பார்த்து வைத்தார். வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடிப்போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றும் வேலை. நிற்க வேண்டியது குறைவு. ஓட்ட வேண்டியது அதிகம். உரிமம் இருந்தால் அடுத்த மாதம் சேரலாம். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. அம்மா இதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. ஆனால் கட்டுத்துணிப் பையைத் தயார் செய்து கதவருகே வைத்திருக்கிறார். தூசி படியாமல் தினமும் துடைக்கிறார்.

4. முதல் தேர்வு. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, வலது போக வேண்டும் என்றால் வலது ஓரம் என்று நான்காவது தடத்தைப் பிடித்தார். திரும்பியது அழகாக இருந்தது. பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள ஆய்வாளர் எனக்கு அனுமதி தந்திருந்தார், அதனால் சொல்கிறேன். தடம் பிசகாமல் திரும்பி, தடம் பிசகாமல் வலது ஓரத்திலேயே போய், வாயிலைத் தாண்டி, காய்கறிச் சந்தை வரை போனோம். தோல்வி. இதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. இரண்டு தடங்கள் ஒரே பக்கம் திரும்பினாலும் இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதில்லை என்று அன்று கற்றுக்கொண்டோம்.

5. இரண்டாம் தேர்வு. தேர்வுப் பாதை ஓர் இடப்பக்கச் சந்திலிருந்து பிரதான சாலையில் ஏறுகிறது. ஏறும் இடத்தில் அம்புக்குறி ஏதும் இல்லை. முன்னால் எல் பலகை மாட்டிய ஒரு நீலக் கார் போனது. அதுவும் தேர்வுக்குத்தான் போகும் என்று முடிவுசெய்து, அம்மா அதன் பின்னாலேயே போனார். நீலக் கார் தயக்கமே இல்லாமல் போயிற்று. நாங்களும் தயக்கமே இல்லாமல் போனோம். பாலத்தின் நடுவில்தான் ஆய்வாளர் பேனாவை மூடினார்.

மறுகரையில், வண்டி திருப்ப இடமிருக்கும் சைக்கிள் கடைக்கு முன்னால், நீலக் காரும் நின்றிருந்தது. அதை ஓட்டியவர் இறங்கி வந்தார். தையல்காரர். அவரும் தேர்வு அலுவலகத்துக்குத்தான் புறப்பட்டிருக்கிறார்.

“கண்ணாடியில பார்த்தேங்க. நீங்க அவ்வளவு நிதானமா பின்னாடி வந்தீங்களா, சரியான தடத்துலதான் போறோம்னு தைரியம் வந்துடுச்சு.”

“நான் உங்கள நம்பியில்ல வந்தேன்!”

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். அவருடன் வந்த ஆய்வாளரும் எங்கள் ஆய்வாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஆற்றைப் பார்த்தார்கள்.

6. மூன்றாம் தேர்வு. இப்போது அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சந்திலிருந்து ஏறியதும் இண்டிகேட்டர் போட்டார். இரண்டாவது தடம் வரை வந்துவிட்டார். மூன்றாவதுக்குப் போக வேண்டும். பக்கவாட்டில் முந்திக்கொண்டு நுழைய வந்த எல்லோருக்கும் வழி விட்டார். பள்ளி வேன். பால் வண்டி. கட்டில் ஏற்றிய ஒரு டெம்போ. டெம்போக்காரர் கையை வெளியே நீட்டி நன்றிகூடச் சொன்னார். அந்தக் கை உள்ளே போவதற்குள் கோடு முழுக்கோடாகிவிட்டது.

எங்களுக்கு முன்னால் ஒருவர் அதே கோட்டைத் தாண்டி மூன்றாவது தடத்துக்குப் போனார். பின்னால் ஒருவர் தாண்டினார். அம்மா தாண்டவில்லை. பாலம் ஏறினோம்.

ஆய்வாளர் நல்லவர் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர் வருத்தப்பட்டுத்தான் எழுதினார்.

“ஓட்டுறதுல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ஆபீசுக்குப் போங்கன்னு சொன்னா ஆத்தத் தாண்டிட்டீங்கன்னா, நான் என்னன்னு எழுதுறது?”

“ஆத்தத் தாண்டினாங்கன்னே எழுதுங்க சார். நடந்தத எழுதுறதுல என்ன இருக்கு?”

திரும்பும் வழியில் ஆய்வாளர் மறுகரைக் கடையொன்றில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினார். இக்கரையைவிட அங்கே மலிவாம். அதை மடியில் வைத்துக்கொண்டு மீதித் தேர்வை நடத்தினார்.

7. சித்தப்பாவின் கருத்தையும் தங்கள் பார்வைக்கு வைப்பது நியாயம். கீழே இருக்கும் திரைச்சீலைக் கடை அவருடையது, கார் அவருடையது, உரிமம் உள்ளவர் என்ற முறையில் பயிற்சியின்போது அம்மாவின் பக்கத்தில் உட்காருபவரும் அவரே. பின் இருக்கையில் துணிச்சுருள்களோடு நான்.

“லேசா ஒடிச்சா போதும் அண்ணி. கோடு என்ன கடிக்கவா போகுது?”

“கோட்டத் தாண்டினவங்கள நான் நிறையப் பார்த்திருக்கேன் தம்பி. எல்லாரும் எங்க வார்டுலதான் வந்து எறங்குவாங்க.”

“எல்லாருமா?”

“அவங்க இல்லன்னா, எதிர்ல வந்தவங்க.”

சித்தப்பா அதன் பிறகு வானொலியைப் போட்டார்.

8. நான் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் படிக்கிறேன். வீட்டில் இதுவரை எதற்கும் பயன்பட்டதில்லை. இப்போது பயன்படுத்திப் பார்க்கிறேன். தங்கள் சந்திப்பில் சரியான தடத்தைப் பிடித்து வலப்புறம் போய்ச் சேர்பவர்கள் இரண்டு வகை. முன்பே அந்த வழியில் பழகியவர்கள் ஒரு வகை. கோட்டைப் பொருட்படுத்தாதவர்கள் மறு வகை. ஒருவர் புதியவராகவும் ஒழுங்கானவராகவும் ஒரே நேரத்தில் இருந்துவிட்டால், அவருக்கு மறுகரை.

ஓட்டுநர் தேர்வுக்கு வருபவர்கள் புதியவர்கள் ஐயா. அவர்கள் ஒழுங்கானவர்களா என்று பார்க்கத்தானே தேர்வு.

9. ஆகவே கேட்பது இவைதான். அம்புக்குறிகளை, முழுக்கோடு தொடங்குவதற்கு நன்றாக முன்பே, அந்த இடப்பக்கச் சந்தின் வாய்க்கு எதிரிலேயே ஒருமுறை வரைய வேண்டும். நான்கு அம்புகள். கொஞ்சம் வெள்ளைச் சாயம். பாலத்தில் நிற்கும் பச்சைப் பலகையை, அதைப் படித்துப் பயனடையக்கூடியவர்கள் வரும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது தடத்துக்கும் நான்காவதுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது திரும்பிய பின் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறோமோ அதற்கேற்ற தடம் என்பதை, அதே பலகையில் ஒரு சிறு படமாகக் காட்டினால் காய்கறிச் சந்தைக்கும் கூட்டம் குறையும்.

அம்மாவின் அடுத்த தேர்வு வரும் வியாழக்கிழமை. அதிலும் தவறினால் பயிற்சி உரிமம் காலாவதியாகிவிடும், எல்லாம் முதலிலிருந்து. மேற்பார்வையாளர் அதுவரை இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சாலைப் பணிகளுக்கு நேரம் பிடிக்கும் என்பது தெரியும். வியாழனுக்குள் சாயம் காயாது என்றால், ஆய்வாளர் அவர்களுக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினாலும் போதும். கோட்டைத் தாண்டாமல் பாலம் ஏறியவரைச் சொன்ன பேச்சு கேட்காதவராகக் கருத வேண்டாம் என்று. சாலை அவரை அழைத்துப்போன இடத்துக்கு அவர் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

விரும்பினால் தாங்களே ஒருநாள் அந்தச் சந்திலிருந்து வண்டி ஓட்டி வந்து பார்க்கலாம். கோட்டைத் தாண்டாமல். மறுகரையில் வாளி மலிவு.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கும்,
(ஒப்பம்)
விண்ணப்பதாரரின் மகள்

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: ‘இக்கரை’ என்று எழுதி, அடித்து, மறுகரை.

இடம் ஏன் மாறியது என்பதற்கு ஒரு விளக்கம். இந்த மனுவை நேரில் தருவதற்கே புறப்பட்டோம். அம்மா ஓட்டினார், சித்தப்பா பக்கத்தில். வீட்டிலிருந்து வருவதால் சந்தின் தொல்லை இல்லை. வெகு முன்பே மூன்றாவது தடத்தைப் பிடித்துவிட்டார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போது பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். மூன்றாவது தடத்தில்தான் வந்தது. கோடு இன்னும் முழுக்கோடாகவில்லை. அம்மா இண்டிகேட்டர் போட்டு இரண்டாவது தடத்துக்கு ஒதுங்கினார். ஒதுங்கியவர் அவர் ஒருவரே என்றாலும் ஆம்புலன்சுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஆறேழு வண்டிகள். அவர்களுக்கும் அவசரமாம். கடைசி வண்டி போய் முடிந்தபோது கோடு முழுக்கோடாகியிருந்தது.

சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டார்.

“போகட்டும் தம்பி. உள்ள படுத்திருக்கறவங்களுக்குப் பாலம் சுத்த நேரமில்ல. நமக்கு இருக்கு.”

சித்தப்பா இந்த முறை வானொலியைப் போடவில்லை.

சைக்கிள் கடை அருகே அம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். நான் இறங்கி, மேலே உள்ள வரிகளை எழுதிச் சேர்த்துவிட்டேன்; இனி உறையை ஒட்டி, இங்கிருக்கும் தபால் பெட்டியில் போட வேண்டியதுதான்.