காலுறையோடு லண்டன் பார்த்தவருக்கு

பக்கத்து வீட்டுப் பார்வதியின் மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே குளிர் எலும்பு வரைக்கும் இறங்குமாம். "அக்கா, அண்ணனோட கோட்டு ஒன்னு இருந்துச்சே, குடுப்பீங்களா?" என்று பார்வதி வாசலில் நின்று கேட்டாள். கேட்பதற்கு முன்னால் "ஆனாடே", கேட்ட பிறகும் "ஆனாடே". அந்தப் பர்மிய வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு முகம் கடுத்துவிட்டது. கோட்டுக் கேட்டதற்காகத்தான் என்று நினைத்து அவள் பாவம் திரும்பிப் போகப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் லண்டனில் நம் மகள் மாலதி வீட்டுச் சோப்பின் வாசனை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்பளைக் கோட்டுதான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. கூட வந்திருந்த மகள் போட்டுப் பார்த்துவிட்டு, மார்புப் பக்கம் ஒட்டியிருந்த வட்டமான பச்சைச் சீட்டை நகத்தால் சுரண்டியபடி, இது என்ன என்று பர்மியில் கேட்டாள். தமிழ் புரியும் அவளுக்கு, வாயில்தான் வராது. "உன் பெரியப்பா லண்டனைச் சுத்திப் பார்த்த அடையாளம்" என்றேன். சொன்னவுடன் எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை. கோபம். நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாலதிக்கு அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. காலையில் நம் இரண்டு பேரையும் ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் எல்லாம் காட்டுவாங்கப்பா, நீங்க கைடு பின்னாடியே போனாப் போதும்" என்றாள். அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது. யார் பின்னாடியாவது போவதென்றால் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கைடு நெட்டையாக இருந்தான். ஆளுக்கொரு பச்சைச் சீட்டை மார்பில் ஒட்டிவிட்டான். மடக்கிய பச்சைக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாய் துரத்துகிற மாதிரி நடந்தான். அரண்மனை வாசலில் கரடித் தொப்பிச் சிப்பாய்கள் முறை மாறுவதை நான் எக்கி எக்கிப் பார்ப்பதற்குள், "வா, வா, போறாங்க" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தீர்கள். மணிக்கூண்டின் கீழே நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். குடை நகர்ந்துவிட்டது, நீங்களும் நகர்ந்துவிட்டீர்கள். வழி நெடுக அவன் சொன்னதையெல்லாம் தணிந்த குரலில் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ரங்கூனில், கியாக்டடா துறைமுக ஆபீசில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து கற்ற இங்கிலீஷ், அன்றைக்கு என் ஒருத்திக்காகத்தான் வெளியே வந்தது.

ஆனால் சந்தோஷமாக இருந்தீர்கள். அதை மறைக்க மாட்டேன். பெரிய கல் கட்டடங்களைப் பார்த்து, "ஏ, இது நம்ம கியாக்டடா மாதிரியே இல்ல?" என்றீர்கள்.

"கியாக்டடாவப் பாக்கவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்தோம்?"

"அதுதாண்டி இதப் பாத்துக் கட்டுனது. இப்பத்தான் அசலப் பாக்குறோம்" என்று சிறு பிள்ளை போலச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய தேவாலயம். வாசலுக்கு வந்ததும் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே குனிந்து காலணியைக் கழற்றினோம். ஷ்வெடகோன் பகோடாவாக இருந்தாலும் நம் காளி கோயிலாக இருந்தாலும் வாசலில் கை தானாகக் காலுக்குப் போகிறவர்கள் நாம். ரங்கூன் பழக்கத்தில் உங்கள் பாக்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, உங்கள் ஷூவை அதில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டீர்கள். மாலதி வாங்கிக்கொடுத்த என் பூட்ஸ் கணுக்கால் உயரம், அந்தப் பையில் நுழையவில்லை. கதவோரம் ஒழுங்காகச் சேர்த்து வைத்தேன். உள்ளே போனால் ஊரே செருப்புக் காலோடு நடக்கிறது. "எல்லாரும் போட்டிருக்காங்க" என்றேன். "அவங்க எப்படியோ போகட்டும், சாமி இருக்குற எடம்" என்றீர்கள். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் ஒருத்தர் பின்னாலும் போகவில்லை. சில்லென்ற தரையில் ஒரு மூலையில் நின்று கும்பிட்டோம். நான் மாலதிக்காகக் கும்பிட்டேன். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று தெரியாது.

வெளியே வந்தால் பூட்ஸைக் காணோம்.

கதவருகே சீருடை போட்ட ஒருத்தர் நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். "கேளுங்க" என்றேன். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தீர்கள். குடை தெரு முனையில் நின்றது. அதன் கீழே நம்மோடு வந்தவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியாது என்று அவன் கத்தினான்.

"நம்மால யாருக்கும் தாமசம் ஆகக் கூடாது" என்றீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்ட வசனம். கல்யாணப் பந்தியில் கடைசி ஆளாக உட்காருவதற்கும் இதுதான் காரணம், டாக்டர் வீட்டில் நம் முறை வந்த பிறகும் இன்னொருத்தரை உள்ளே அனுப்புவதற்கும் இதுதான் காரணம். நான் அங்கே, அந்தப் பெரிய கோயிலின் படியில், வெறுங்காலோடு நின்று கத்தினேன். ரங்கூனில் என்றால் நாலு பேர் கூடியிருப்பார்கள். நீங்கள் குனிந்து, பையிலிருந்து உங்கள் ஷூவை எடுத்து என் காலில் மாட்டிவிட்டு, காலுறையோடு நடக்க ஆரம்பித்தீர்கள். பெரிய கருணை! ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்பதைவிடக் குளிர்ந்த கல்லில் காலுறையோடு அரை நாள் நடப்பது உங்களுக்குச் சுலபமாக இருந்தது.

நான் பின்னால் படக் படக்கென்று வாத்து மாதிரி வந்தேன். ஆற்றங்கரையில் நிறுத்தி, பழைய கிடங்குகளைக் காட்டி, கீழை நாடுகளிலிருந்து அரிசியும் தேக்கும் வந்து இறங்கிய இடம் என்று கைடு சொன்னான். "நம்ம அரிசி" என்று என் காதில் முணுமுணுத்தீர்கள். உங்கள் தாத்தா ரங்கூன் துறையில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்தவர். "அத அவன்கிட்டச் சொல்லுங்க, எங்க தாத்தா தூக்கி ஏத்துன மூட்டைன்னு சொல்லுங்க" என்றேன். "எதுக்கு? அவருக்கு நேரமாகுது." ஊர் முழுக்க நம் வீட்டு மூட்டையில் வளர்ந்திருக்கிறது, அவனுக்கு நேரமாகிறதாம்!

பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முகம் வெளுத்திருந்தது. இடது தோளை அமுக்கிக்கொண்டிருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்ல, குளிரு." காலுறை ஈரமாகியிருக்கும், அதுதான் என்று நானும் நினைத்து, ஷூவைப் போட்டுக்கொள்ளச் சொல்லித் திட்டினேன். குடை பாலத்தின் மறுகரைக்குப் போய்விட்டது. நீங்கள் கம்பியை விட்டுவிட்டு முன்பைவிட வேகமாக நடந்தீர்கள்.

மறுநாள் மாலதி அந்தக் கோயிலுக்குப் போன் செய்தாள். பூட்ஸை யாரோ மறந்துவிட்டுப் போனதாக எண்ணி உள்ளே பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். "கேட்டிருந்தா அப்பவே கையில குடுத்திருப்பாங்களேப்பா" என்றாள் மகள். நீங்கள் சிரித்தீர்கள்.

ரங்கூனுக்குத் திரும்பி, சும்மா ஒரு பரிசோதனை என்று போனபோதுதான் டாக்டர் சொன்னார், முன்பே ஒரு தடவை நெஞ்சு அடி வாங்கியிருக்கிறது என்று. எப்போது வலித்தது என்று கேட்டார். நீங்கள் என் பக்கம் பார்க்காமல், "லண்டன்ல, பாலத்துல, கொஞ்சம்" என்றீர்கள். அந்த அறையிலேயே உங்களை அடித்திருப்பேன். இனி வலி வந்தால் இருக்கிற இடத்திலேயே யாரையாவது கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். சரி சரி என்று தலையாட்டினீர்கள். வெளியே வந்து நான் கேட்டேன், "ஏன் சொல்லல?"

"அத்தனை பேரையும் நிறுத்தி வைக்கச் சொல்றியா? ஆனாடேடி."

ஆனாடே. பர்மியரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட வார்த்தைகளில் இதைப் போல ஒன்று வேறில்லை. நமக்காக இன்னொருத்தர் சிரமப்படுவதை நினைத்துக் கூசுவது. அவர்களுக்கு அது மரியாதை. அவர்கள் கூசுவார்கள், கூசிக்கொண்டே கேட்டும்விடுவார்கள். நம் ஆட்களுக்கு அது பயம். 'கலா', வந்தேறி, என்று தெருவில் இளக்காரமாகக் கூப்பிடுவார்கள், சத்தம் போடாதே. போகச் சொன்னபோது இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர், நாம் இருக்கிறோம், இருக்கிற இடம் தெரியாமல் இரு. உங்கள் அப்பா உங்களுக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்தார். என் அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை, நீங்கள் கேட்டீர்கள். லண்டனில் யாரும் உங்களைக் கலா என்று கூப்பிடவில்லையே, அங்கேயும் ஏன் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு போனீர்கள்?

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் பழைய ஆபீஸ் சிநேகிதரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் காய்கறி விற்கிற பர்மியப் பெண். பிறகு அவளே நம் மாடி ஏறி வந்து எல்லாம் சொன்னாள். உங்களுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கிறாள். "யபாடே" என்றீர்களாம், பரவாயில்லை என்று. அந்த நேரம் பஸ் எங்கே நின்றது தெரியுமா உங்களுக்கு? தெரியும், நீங்கள் ஜன்னலோரம்தானே. பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே, சிவப்பு விளக்கில். அங்கே ஸ்டாப் கிடையாது, கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இங்கேயே இறக்கிவிடச் சொல்லட்டுமா என்று அவள் எழுந்தே விட்டாள். வேண்டாம், பஸ் நிறைய ஆள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் நேரமாகும் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தீர்களாம்.

பசுந்தாங்கில் நம் ஸ்டாப்பில், எல்லோரையும் இறங்கவிட்டுக் கடைசியாக இறங்கினீர்கள். பஸ் கிளம்பும் வரை நின்றீர்கள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு இளைஞன் வாசலில் நின்றான். அந்த பஸ்ஸின் டிரைவர். காய்கறிக்காரி சொல்லித்தான் அவனுக்கே தெரிந்ததாம். உள்ளே வா என்றாலும் வரவில்லை. டோலே என்று, அவர்கள் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, என்னைக் கூப்பிட்டான். "டோலே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியவே ஆஸ்பத்திரிக்குள்ள விட்டிருப்பேன், கண்ணாடியில பாத்தேன், சிரிச்சாரு, நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன்" என்று பர்மியில் சொல்லிச் சொல்லி அழுதான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உங்கள் படத்தைத் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஊரெல்லாம் உங்களைப் புகழ்ந்தார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர், போகும்போதுகூட யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனார் என்று. எனக்கு? எனக்குக் கொடுத்தது என்ன? நான் ஒரு ஆளாகவே உங்கள் கணக்கில் இல்லையா? பஸ்ஸில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்குத் தாமசம் ஆகக் கூடாது, நான் மட்டும் மிச்ச காலம் முழுக்கக் காத்திருக்கலாமா?

இந்தக் கோபத்தைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். மாலதி போனில் சொல்கிறாள், பார்வதி சொல்கிறாள், கோயில் குருக்களும் சொல்கிறார். வைக்க மாட்டேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான்.

போன வாரம் கியாக்டடாவிலிருந்து பஸ்ஸில் வந்தேன். நல்ல வெயில், நெரிசல், நின்றுகொண்டிருந்தேன். கண் இருட்டியது. "நிறுத்து!" என்று கத்திவிட்டேன், அதுவும் தமிழில். அந்த பஸ்ஸில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. எல்லோருக்கும் புரிந்தது. டிரைவர் ஓரம் கட்டி இன்ஜினையே நிறுத்திவிட்டார். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள், ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒரு மாணவி நோட்டால் விசிறினாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது, நம் டிரைவர் தலையை வெளியே நீட்டி அவனை வைதார். எனக்குக் கொஞ்சம் தெளிந்ததும், சரியாகிவிட்டது, கிளம்புங்கள் என்றேன். பின்சீட்டிலிருந்து ஒருத்தர், "நாங்க போற எடம் எங்கயும் ஓடிடாது டோலே, நல்லா மூச்சு விடுங்க" என்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு முகமும் சுளிக்கவில்லை.

அப்போதுதான் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வலிக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று டிரைவர் பதறினார். இவ்வளவு சுலபமாக இருந்ததே, பாவி மனுஷா.