மேட்னியில் பயந்தது யார்

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிறு மலரில் பக்கம் நிரப்ப ஒரு யோசனையாம். சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்திய சினிமா. அலுவலகத்தில் பத்துப் பேர், ஆளுக்கு முந்நூறு சொல். மலரைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் மேசைக்கே வந்துவிட்டாள். "கோர்ட்டு, கொலைன்னு எழுதி எழுதி, உங்களுக்குச் சிரிக்கத் தெரியும்னே யாருக்கும் தெரியாது சார். இதுலயாவது காட்டுங்க."

நாற்பது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை, யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. சித்தப்பா மேட்னிக்கு அழைத்துப் போனார். படத்தில் ஒரு வாடகை வீடு, வீட்டில் ஒரு பழைய பீரோ. கதவு மெல்லத் திறந்து உள்ளேயிருந்து ஒரு கை வருகிறது. தங்கை வீறிட்டு என் மடியில் ஏறி, அங்கேயே நனைத்துவிட்டாள். பாதியில் எழுந்து வந்தோம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் பீரோ. அவளுக்குக் குழந்தை பிறந்தபோதும் "பீரோவுக்குப் பையன்" என்றுதான் உறவுக்காரர்கள் தகவல் சொன்னார்கள்.

கடைசி வரிக்கு மலர்ப் பகுதியே சிரித்தது.

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டது. பத்தில் என்னுடையதுதான் முதலில். காலையிலிருந்து ஏழு பேர் போன் செய்தார்கள். எட்டாவது தங்கை.

"நல்லாத்தான் எழுதியிருக்கண்ணா. நாளைக்கு போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் வாங்க வர்றவன்லாம் கவுண்டர்ல குனிஞ்சு என் மூஞ்சியைப் பார்ப்பான்."

சிரித்தாள். அவளே சிரித்தபிறகு என்ன?

மார்ச் 10, செவ்வாய்

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். பீரோவும் கையும் மட்டும் உண்மை.

மார்ச் 12, வியாழன்

தங்கையின் கணவர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் இங்கே வந்ததே இல்லை. கீழே வரவேற்பில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதமாக அவளுக்கு வலது கை மரத்துப்போகிறதாம். தபால் நிலையத்தில் முத்திரைக் கட்டை கையிலிருந்து நழுவி விழுகிறதாம். கழுத்து நரம்பாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் மாத்திரையா அறுவையா என்று சொல்ல முடியும், தள்ளிப்போட்டால் கை அப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டு முறையும் ஸ்கேன் குழாய்க்குள் தலை போனதுமே மணியை அமுக்கி வெளியே வந்துவிட்டாள். மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்றால் அவளுடைய மூச்சிரைப்புக்கு அது ஆகாதாம்.

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே மாப்பிள்ளை."

"உங்களுக்கு வேலை அதிகம்னு சொல்லக் கூடாதுன்னுட்டா. இப்ப இன்னொண்ணு மச்சான். நீங்க எழுதினதை வெட்டிப் பர்ஸ்ல வச்சிருக்கா. நேத்து டாக்டர்கிட்ட எடுத்துக் காட்டறா. 'பாருங்க டாக்டர், பேப்பர்லயே வந்திருக்கு. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. என்னைப் போய் பீரோவுக்குள்ள படுக்கச் சொல்றீங்களே'ன்னு. அவரும் படிச்சுட்டுச் சிரிச்சார். அப்புறம் சிரிக்கல."

நான் பேசினால் கேட்பாள் என்பதற்காக வந்திருக்கிறார். சரி என்று அனுப்பிவைத்தேன். அதன்பிறகு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. வழக்குச் செய்தியை இன்னொருவரிடம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 14, சனி

முப்பத்தாறு வருஷம் மற்றவர்கள் செய்ததை வரிசையாக எழுதியிருக்கிறேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

இடைவேளையில் சித்தப்பா சிகரெட் பிடிக்க வெளியே போனார். யாரோ நண்பர் அகப்பட்டார், திரும்பி வரவில்லை. படம் மறுபடி ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், பீரோ திறந்தது. கை வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கதவு விளிம்பைப் பிடித்தன. நகம் நீளமாகக்கூட இல்லை, நம் வீட்டுப் பெண்களின் கை மாதிரி சாதாரணக் கை. அதுதான் தாங்கமுடியவில்லை.

நனைத்தது நான். என் காக்கி டிரவுசரை.

தங்கையிடம் "இங்கேயே உட்காரு" என்று சொன்னேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைக்க ஆசை. எழுந்து ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, படம் விடும்வரை நின்றேன். ஆறு வயதுக் குழந்தை உள்ளே தனியாக. ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

கூட்டம் வெளியே வந்தது. டிக்கெட் கிழிப்பவர் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவள் அழவில்லை. தோளில் என் தண்ணீர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் விட்டுவிட்டு ஓடியதை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். தூரத்தில் சித்தப்பா வருவது தெரிந்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை அவள் கவுன்மேல் ஊற்றினேன்.

"ஏண்ணா தண்ணி ஊத்துற?"

"சும்மா."

சித்தப்பாவிடம், "இவ பயந்து என் மடியில போயிட்டா" என்றேன். அவருக்கும் தான் அரங்கில் இல்லாததை மறைக்க வேண்டியிருந்தது. வீட்டில் அவரே சொன்னார், குழந்தை அலறியதால் பாதியில் எழுந்துவிட்டோம், மீதி நேரம் பார்க்கில் உட்கார்ந்திருந்தோம் என்று. இரண்டு பொய்யர்கள், ஒரே கதை. ஒன்றுக்கு ஒன்று சாட்சி.

அவளைச் சுற்றி நின்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டு பீரோவை நான் தொட்டதில்லை. சட்டை வேண்டுமென்றால் அவளைத்தான் அனுப்புவேன். போய், திறந்து, எடுத்துக்கொண்டு வருவாள். இதை யாருமே கவனிக்கவில்லை என்பது இப்போதும் ஆச்சரியம்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

அவளுக்குப் பதினெட்டு வயதில் கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது. வேறு ஊர், ஹாஸ்டல். அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தனியா இருக்குமா? பீரோவாச்சே" என்றாள். நான் வேலையில் சேர்ந்த புதிது, மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கை என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று. நான் அந்தக் கையை நடித்துக் காட்டினேன். மேசை விளிம்பில் விரல் விரலாக. எல்லோரும் சிரித்தார்கள். அவள் உள்ளூரிலேயே பி.காம். படித்தாள்.

என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 17, செவ்வாய்

விடுப்புப் போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், டிரவுசர் முதல் தண்ணீர் பாட்டில்வரை. நடுவில் நிறுத்தவில்லை.

அவள் ஒரு தலையணை உறையை முழுக்க மடித்து முடித்தாள்.

"உன் மாப்பிள்ளை வந்து சொன்னாரா? என்னை ஸ்கேனுக்குப் போக வைக்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின கதையா?"

"இல்லம்மா. நடந்தது இதுதான்."

"எனக்கு ஞாபகம் இருக்குண்ணா. கத்தினது ஞாபகம் இருக்கு. ஈரக் கவுன் சில்லுனு கால்ல ஒட்டினது இப்பக்கூட ஞாபகம் இருக்கு. எனக்கு நடந்ததை நீ வந்து எனக்குச் சொல்றியா?"

சில்லென்று. மூத்திரம் எப்படிச் சில்லென்று இருக்கும்? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பிறகு அவளாகவே சொன்னாள். "கனவுலகூட வரும், தெரியுமா. மாடிப்படில ஒரு பொம்பளை உட்கார்ந்து சின்னப் பொண்ணுக்குத் தலை துவட்டிட்டு இருப்பா. பக்கத்துல நாலு பேர் பீரோவைத் தூக்கிட்டு இறங்குவாங்க. அதுல ஒருத்தனுக்கு ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு. அவ்வளவுதான். அதுல பயமே இருக்காது. முழிச்சா மட்டும் பயமா இருக்கும்."

மார்ச் 18, புதன்

என் பொய்யை அவள் தன் ஞாபகமாக வைத்திருக்கிறாள். சாட்சிகளிடம் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் வீட்டில் நான் சொல்லிவந்த முடிவு, வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னது. அவனும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதியதில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்கிறவன் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னொருவரிடம் கேட்டதே இல்லை.

பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதியிருந்தேன். இன்று போனேன். சிறிய அறை, ஜன்னலில் வெயில், ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்டும் கருவி. ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், அந்தக் கை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். நூலகப் பெண் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு திறந்தேன். மீதி ஐம்பத்தோரு நிமிடம் பார்த்தேன்.

கடைசிக் காட்சி. மாடிப்படி. தாய் திரும்பி வந்துவிட்டாள், மகளுக்குத் தலை துவட்டுகிறாள். நான்கு கூலியாட்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பின்னால் இடதுபுறம் பிடித்திருப்பவனுக்கு ஒரு செருப்புதான்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். படம் முழுவதையும் பார்த்த ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியது. அவள் பார்த்திருக்கிறாள். ஆறு வயதில், தனியாக உட்கார்ந்து, கடைசிவரை.

மார்ச் 24, செவ்வாய்

அந்தக் காட்சியைப் பதிவுசெய்து தரமாட்டார்கள். அவளை அழைத்துப் போனேன். மாப்பிள்ளை வெளியே நின்றார்.

காட்சி ஓடியது. செருப்பில்லாத காலைப் பார்த்ததும் மரத்துப்போன கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் சில்லென்ற ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"பக்கத்து சீட்ல யாரும் இல்ல," என்றாள். "நான் பாட்டிலை அந்த சீட்ல வச்சேன். வேற யாராவது உட்கார்ந்துடப் போறாங்கன்னு. நீ திரும்பி வருவேன்னு."

நான் படத்தை நிறுத்தினேன்.

"நான் கத்தவே இல்லையாண்ணா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"டிக்கெட் கிழிக்கிறவர் கூட்டிட்டு வந்தப்ப நீ அவர்கிட்ட ஏதோ பேசிட்டு வந்த. அவர் சிரிச்சார்."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இறங்கும் இடம் வந்ததும் மாப்பிள்ளையை மட்டும் கூப்பிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

திருத்தம் போட வேண்டும் என்றேன். மலர்ப் பெண் விழித்தாள். "சார், அது தமாஷ் பத்தி. யார் கேக்கப் போறா?" என் பெயரில் இதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை. பிழை திருத்துபவர், என்னோடு சேர்ந்தவர், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கட்சித் தலைவரெல்லாம் கேட்டுக் கெஞ்சினாங்க, ஒரு எழுத்து மாத்தல. கடைசில டிரவுசருக்கா?" என்றார். பிறகு, சிரிக்காமல், ஒரு கமாவை மட்டும் எடுத்தார்.

மார்ச் 29, ஞாயிறு

நான்கு வரி. ஏழாம் பக்கம். 'மார்ச் 8 இதழில் வெளியான பத்தியில், அரங்கில் பயந்து நனைத்தது கட்டுரையாளரின் தங்கை என்று இருந்தது. அது கட்டுரையாளரேதான். அவர் தங்கையைத் தனியே விட்டு ஓடிவிட்டார். தங்கை படத்தை இறுதிவரை பார்த்தார்.'

ஒரே ஒரு போன், சித்தப்பா மகன். "எதுக்குண்ணா செத்துப்போன அப்பாவையும் சேர்த்து இழுக்கிற மாதிரி?" அவரைப் பற்றி நான் எழுதவே இல்லையே என்றேன். "எங்களுக்குத் தெரியாதா" என்று வைத்துவிட்டான்.

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று மாலை செய்தி அனுப்பியிருந்தாள். 'நாளை பதினொன்றுக்கு ஸ்கேன். வருவதானால் வா.'

போனேன். நர்ஸ், "உள்ள ஒருத்தர் கூட உட்காரலாம்மா. காலைப் பிடிச்சுக்கிட்டா சிலருக்குத் தைரியமா இருக்கும். இவர் வரட்டுமா?" என்றாள்.

தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேண்டாம். இவர் பாதியில எழுந்து போயிடுவார்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நர்ஸ் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள்.

தோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. 11.14. உள்ளேயிருந்து இடிக்கிற மாதிரி சத்தம், நின்று, மறுபடி. மணி அடிக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட நான் எழவில்லை, அதனால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும்.

11.52-க்குக் கதவு திறந்தது. முகம் வெளுத்திருந்தது, கழுத்தில் வியர்வை.

"பயமா இருந்துச்சா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"இருந்துச்சு," என்றாள். "அதுக்கென்ன?"

ஏப்ரல் 7, செவ்வாய்

அறுவை வேண்டாம். மாத்திரை, ஆறு வாரம் கழுத்துப்பட்டை, பயிற்சி. கை திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். சொன்னது மாப்பிள்ளை. அவள் சொல்லவில்லை.

மதியம் வீட்டுக்குப் போனேன். பட்டை போட்டிருப்பதால் என்னைப் பார்க்க உடம்போடு திரும்பவேண்டியிருந்தது, திரும்பாமலே பேசினாள்.

"உன்மேல கோபம்தான். எப்ப போகும்னு தெரியல. கேக்காத."

"கேக்கல."

அடுப்பில் குழம்பை இடது கையால் கிளறினாள்.

"அம்மா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்ண்ணா. சாகறதுக்கு முன்னாடி நாள்கூட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இதைத் தனியா விட்டுடாதீங்க, பயப்படும்னு சொல்லிட்டுத்தான் போனா."

எனக்குத் தெரியாது அது. அம்மா போய் ஆறு வருஷம், யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். தட்டு எடுத்து வைத்தாள், எனக்கும் ஒன்று. நான் குனிந்தபடி சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்காரவில்லை. உள்ளேயும் போகவில்லை.