எல்லாப் பொடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் கூட்டமே இல்லை. மூக்குக் கண்ணாடி விற்கிற கடையில் கூட்டம் இல்லாவிட்டால் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்தான் பெரிய பொழுதுபோக்கு. டப்பாவைத் திறந்தேன். எதிர் மேசைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வந்துடுச்சு உங்க வீட்டு வாசனை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நேற்று கேரட், இன்று முட்டை, நாளை உருளைக்கிழங்காக இருக்கும். எதுவானாலும் மூடியைத் திறந்தால் ஒரே வாசனை.

எல்லாம் சின்னவள் கைவண்ணம். என் கணவரின் தங்கை. நாற்பதைத் தாண்டியும் எங்களுக்கு அவள் சின்னவள்தான். புருஷனோடு ஒத்துவராமல் இங்கே வந்தவள், வந்த மறுநாளே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். அவளே வறுத்து அரைத்து ஒரு நீல டப்பாவில் வைத்திருக்கும் பொடிக்கு என் மகள் வைத்த பெயர் எல்லாப் பொடி. பருப்பா, அது. கீரையா, அது. சூப்பா, அதுவேதான். குடிக்கிற வெந்நீரில் போடாததுதான் பாக்கி.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்து வரும்போது சூப்பர் மார்க்கெட்டில் மசாலா வரிசை முன்னால் நின்றேன். 'எல்லாச் சமையலுக்கும்' என்று எழுதிய புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு தினுசு வாங்கினேன். முட்டைக்கோசுக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்தேன் — என் வீட்டுக்கு நான் பொடி வாங்க, எதற்கு ஒளிவுமறைவு?

மார்ச் 7, சனி

உன் பொடி அலுத்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முகம் சுண்டிப்போகும். பிறகு என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நான் வில்லி ஆக வேண்டும்.

ஒரு யோசனை வந்தது. கடையில் நான் தினமும் செய்வதுதான். கண்ணுக்கு ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். வந்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. எதையும் யார் தலையிலும் கட்டுவதில்லை. வீட்டிலும் அப்படியே கேட்டால் என்ன? யாரும் யாரையும் குறை சொன்னதாக ஆகாது.

மார்ச் 8, ஞாயிறு

நடத்தி முடித்தேன்!

வேகவைத்த உருளைக்கிழங்கு மூன்று கிண்ணம். முதலாவதில் எல்லாப் பொடி, மற்ற இரண்டிலும் கடைப் பொடிகள். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் ஊட்டுவேன், எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். மகளுக்கு ஒரே குஷி. அவள் மூன்றாவது என்றாள். அவள் அப்பாவும் மூன்றாவது என்றார்.

கடைசியாகச் சின்னவள். மூன்றையும் பொறுமையாக மென்றாள். முதல் கிண்ணத்திலிருந்து இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே, "மூணாவதுதான் நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

உன் பொடியை நீயே கழித்துவிட்டாயே என்று கை தட்டினேன். அவளும் சிரித்தாள். இனி அதையே போடலாம் என்றாள். சாயங்காலமே நீல டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

"என்ன, இன்னிக்கு வாசனையே காணோம்?" — எதிர் மேசைக்காரி. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

சின்னவள் இப்போதெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்கிறாள். என்ன சமைக்கட்டும், எவ்வளவு போடட்டும், இது போதுமா. முன்பு எதையும் கேட்க மாட்டாள். அடுப்படிப் பக்கம் போனால் என்னையே, "நீங்க போய் உட்காருங்க அண்ணி, நம்ம வீட்டுச் சமையல் எனக்குத் தெரியாதா" என்று விரட்டுவாள்.

பருப்பில் உப்பு கூடுதல் என்று இவர் சொன்னார். புட்டியில் எழுதியிருக்கிற அளவுதான் போட்டேன் அண்ணா என்றாள். எனக்கும் இரண்டு நாளாக வயிற்றில் எரிச்சல். வெயிலாக இருக்கும்.

ஏப்ரல் 2, வியாழன்

மாலைத் தேநீரை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் பொறுப்பு கிடைத்திருக்கிறதாம். அங்கேயே அறையும் உண்டாம். திங்கட்கிழமை சேர வேண்டுமாம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று அவளும் பார்த்தாள். "நல்லதுதானே" என்றேன்.

நல்லதுதானே! வேற வார்த்தையே கெடைக்கலியா எனக்கு? 'இரு, நீ எதுக்குப் போற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?

ஏப்ரல் 6, திங்கள்

போய்விட்டாள். ஒரு பெட்டி, ஒரு பை. நீல டப்பா கவிழ்த்தபடியே இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

பருப்பு உப்பு. கீரை உப்பு. மகள் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மூன்றாவதாக வேறொரு தினுசுப் பொடி வாங்கினேன். அதில் பூண்டு நெடி. மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இவர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடித்தார். அப்படிப் பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. நானா அவளைப் போகச் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவளேதானே கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது என்றாள் என்றேன்.

இவர் சத்தம் போடவில்லை. "அவளுக்கா தெரியாது? கீழ லிஃப்ட்ல நின்னுக்கிட்டே மாடியில பால் அடிப்பிடிச்சதைச் சொன்னவ. தன் கையால அரைச்ச பொடி அவளுக்குத் தெரியாமப் போகுமா?"

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். தன் பொடி எது என்று முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். இன்னொரு துண்டு எதற்குக் கேட்டாள் — கடைசியாக ஒரு தடவை என்றா? எனக்கு எது வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? கடையில் எந்த லென்ஸைப் போட்டாலும் என் குரல் மாறாது, அதில் எனக்குக் கர்வம் உண்டு. அன்றைக்கு மூன்றாவது கிண்ணத்துக்கு மட்டும் "இதைப் பாரேன்" என்று இழுத்தேன். மூன்று பேருக்குமே அப்படித்தான் இழுத்தேன். கண்ணை மூடியிருந்தவளுக்குக் காதுமா மூடியிருக்கும்?

ஏப்ரல் 26, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். பெரிய அடுப்படி, நீளமான மேசைகள், ஒரே சத்தம். பெண்கள் அவளை "அக்கா, அக்கா" என்று பிய்த்து எடுக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோழிக் குழம்பும் சோறும் வைத்தாள். முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு காரம். ஆனால் என்ன ருசி! இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "நான் எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவேன் அண்ணி, சின்ன வயசுல இருந்தே" என்றாள். இத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவளுக்குக் காரம் பிடிக்கும் என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

வெட்கத்தை விட்டு எல்லாப் பொடியின் பக்குவத்தைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். உங்களுக்கு வயிறு எரியும், அதனால் மிளகாயே கிடையாது, மிளகும் பேருக்குத்தான். அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு, அதனால் உப்பைத் தனியாக வைத்துவிடுவேன். பாப்பாவுக்குப் பூண்டு ஆகாது. கடைசியில் மல்லியும் சீரகமும் மஞ்சளும்தான் பெரும்பங்கு. சீரகத்தை மட்டும் கருக விட்டுவிடாதீர்கள் என்றாள்.

"நீங்க ஒவ்வொருத்தரும் வேண்டாம்னதை எடுத்துட்டு, மிச்சம் இருந்ததுதான் அண்ணி அந்தப் பொடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அது வராது.

திரும்பி வந்துவிடேன் என்று கேட்கத்தான் போனேன். கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க எனக்கு நல்லா இருக்கு அண்ணி. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன்" என்றாள்.

உங்க வீடு. பஸ்ஸில் வழி முழுக்க அதுவே காதில் இருந்தது. நம்ம வீடு என்பதைத் தவிர வேறெப்படியும் சொல்லாதவள்.

மே 9, சனி

நீல டப்பாவை நிமிர்த்தித் துடைத்தேன். அவள் சொன்னபடியே வறுத்தேன். சீரகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மகள் ஏதோ கேட்டாள், திரும்பிப் பதில் சொன்னேன். அவ்வளவுதான். மறுபடி வறுக்க வீட்டில் சீரகம் இல்லை. லேசாகத்தானே கருகியிருக்கிறது என்று அரைத்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

வந்தாள். சாவி அவளிடம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் அழைப்பு மணியை அடித்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். அடுப்படிப் பக்கம் வரவில்லை. கூடத்தில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, பாப்பா படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நானே பரிமாறினேன். கடைசியில் என் தட்டிலும் பருப்பைப் போட்டு ஒரு வாய் பார்த்தேன். கசந்தது. நாக்கின் அடியில் நின்று கசந்தது. அதற்குள் அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். இவரும் மகளும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். எப்படி இருக்கு என்று நான் கேட்டிருக்கவே கூடாது, கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது கிண்ணத்தைச் சொன்னாளே, அதே குரல்.