சாமியின் தாடியும் என் மாஸ்க்கும்

டிச. 2, திங்கள். விடியற்காலை முதல் மழை.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பப் போவதில்லை. நம்ப வேண்டாம். ஆறு கண்டத்து மூக்குகளை அளந்தவன் நான். என் பேச்சை என் தங்கையே நம்புவதில்லை.

குடை தொலைந்தது. ஜாலான் புசார் தெருவில் வெள்ளம். திமிங்கிலம் ஒன்று இரும்புக்கடை வாசலில் ஒதுங்கி ஆணி விலை கேட்டுக்கொண்டிருந்தது. பட்டறைக்கு மூன்று நிமிடம் தாமதம்.

பட்டறை அந்த இரும்புக்கடையின் மாடியில். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் காற்றூதும் மெஷினோடு மாட்டிக்கொள்ளும் மாஸ்க் செய்கிறோம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் அடியேன் படைப்பு. ஒரு கொசுவின் பெருமூச்சுகூட அதிலிருந்து தப்பாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

10 மணி. தெம்பனிஸிலிருந்து போனில் தங்கை செல்வி.

"அண்ணே, உங்க மாஸ்க் ராத்திரி பூரா விசில் அடிக்குது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பிரஷர் குக்கர்னு நினைச்சிட்டாங்க லா."

"வாரை இறுக்கினாரா?"

"இறுக்கினா இன்னும் ஜாஸ்தியா அடிக்குது. கண்ணுக்குள்ள காத்து ஊதுதாம். தூக்கத்துலயே பிச்சு எறிஞ்சிடுறாரு."

அவள் புருஷன், என் மாப்பிள்ளை முத்தையா. இனி மா. ஆஸ்பத்திரி நர்சுகளை விடியற்காலை வேலைக்கு ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறவர். அக்டோபரில் ஒரு சிவப்பு விளக்கில், ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பின்னால் நாற்பது நர்சுகள். அவர்களில் ஒருவர்தான் பரிசோதனைக்கு அனுப்பியது. இப்போது பஸ் ஓட்டுவதில்லை, டிப்போவில் பஸ் கழுவுகிறார்.

டாக்டர் விதித்தது: மெஷின் கணக்கில் பத்து நல்ல இரவுகள், ஒவ்வொன்றிலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் மாஸ்க். டிச. 10 அன்று பார்ப்பார், கணக்கு இருந்தால் மறுபடி பஸ் ஓட்டலாம் என்று கடிதம். முதலாளியும் அதுவரைதான் இடத்தை வைத்திருப்பார். அதற்குப் பிறகு வேறு டிரைவர்.

கையில் இருப்பது ஐந்து. மெஷின் வந்த முதல் ஐந்து நாளும் ஜோர். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. ஏன்? நாளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியது: குடை. நகவெட்டி.

டிச. 3, செவ்வாய். மதியம் வரை வெயில்.

ஏன் என்று தெரிந்தது. கதவைத் திறந்தது மா. அல்ல, தாடி. அதற்குப் பின்னால் எங்கோ மா.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்பது தெரியும். இது பதினெட்டாவது வருஷம் என்பதும் தெரியும். இந்த வருஷம் இருமுடியோடு தென்னங்கன்றும் சுமந்துபோய் நட வேண்டும், அதோடு குருசாமி ஆகிவிடுவார். மாலை போட்டால் சவரம் கிடையாது என்பதும் தெரியும். இந்த மூன்றையும் என் மாஸ்க்கோடு சேர்த்து யோசிக்க மட்டும் இந்த மகா மூளைக்குத் தோன்றவில்லை. மெஷின் வந்தபோது முள் தாடி, அமுங்கிக்கொடுத்தது. இப்போது அது சுந்தரவனம். நான் பார்க்கும்போதே உள்ளே புலி ஒன்று புரண்டு படுத்தது.

மா.வுக்கு வார லீவு. மதியம் தூங்கிக் காட்டச் சொன்னேன். தரையில் பாய், தலையணை இல்லை. விரதம். மாஸ்க்கை மாட்டிவிட்டேன். பத்து நிமிடம் அமைதி. அப்புறம் தாடை தொங்கியது, மாஸ்க்கின் சிலிகான் குஷன் ஓரம் முடிமேல் ஏறியது, விசில். கை தானாக எழுந்து மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தது. ஆள் விழிக்கவில்லை.

பிறகு நடந்ததை மிகைப்படுத்த வரவில்லை. குறட்டை ஏறிக்கொண்டே போய் நின்றது. மார்பு மட்டும் ஏறி இறங்குகிறது, காற்று போகவில்லை. மனதுக்குள் எண்ணினேன். பதினெட்டு. பத்தொன்பது. சமையலறை வாசலில் செல்வி, கையில் கரண்டி. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள் போல.

"இருபத்தாறு," என்றாள். அப்போதுதான் நீரில் முங்கியவர் மேலே வந்ததுபோல் ஒரு இழுப்பு.

எழுந்ததும் சண்டை.

"சாமி, தாடிய எடுத்துருங்க சாமி. ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரு."

"எடுத்தா மாலையக் கழட்டணும். பதினேழு வருஷம் போயிட்டு இந்த வருஷம் கழட்டச் சொல்றியா?"

"வேல போயிடும் லா!"

மாலை போட்ட புருஷனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எவ்வளவு கோபத்திலும் கூப்பிட்டாள்.

என் பக்கம் திரும்பினார். "மச்சான், கொசு மூச்சுகூடத் தப்பாதுன்னீங்களே."

"ஒரு நாள் டைம் குடுங்க, மாப்பிள்ளைச் சாமி. இந்தத் தாடிய அடக்கலேன்னா என் பேர மாத்திக்கிறேன்."

டிச. 4, புதன். மழை. நகவெட்டி வாங்கவில்லை.

நேற்றிரவும் பூஜ்யம். மீதி ஆறு இரவு, வேண்டியது ஐந்து. ஒன்றைத்தான் தவற விடலாம்.

பட்டறை அலமாரியில் சோதனைத் தலைகள் பன்னிரண்டு. நீள மூஞ்சி, சப்பை மூக்கு, ஒட்டிய கன்னம், எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வைத்தவை. பன்னிரண்டும் முட்டைபோல் மழமழ. ஒன்றுக்கும் ஒரு மயிர் கிடையாது! இத்தனை வருஷமாக உலகத்தில் தாடியே இல்லை என்று முடிவு செய்து மாஸ்க் செய்திருக்கிறேன்.

தென்னை நார் மிதியடியை வெட்டி ஏழாம் தலைக்குத் தாடி ஒட்டினேன். சோதனைகள்:

வார் இறுக்கல் – தோல்வி. குஷனின் மெல்லிய ஓரம் காற்றில் மிதந்தால்தான் முகத்தோடு ஒட்டும், இறுக்கினால் மடிந்து வழிவிடும். இதைப் பிறருக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.
வாஸ்லின் – வழுக்கியது. சிலிகானுக்கும் ஆகாது.
துணி உறை – விசில் நின்றது, கசிவு நிற்கவில்லை.
தடித்த குஷன் – ஏழாம் தலை நீர்யானை ஆனது.

பக்கத்து மேசை ஜெசிந்தா. ஞாயிறு பூசையில் பாடுகிறவள், மற்ற ஆறு நாளும் என் மானத்தை வாங்குகிறவள்.

"அண்ணே, மிதியடிக்கு யாரு மாஸ்க் கேட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. இழுப்பறையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். அவள் வடிவமைத்தது: மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் இரண்டு சிலிகான் குமிழ், காதுக்கு மேலே ஒரு வார். கன்னத்தையும் தாடியையும் தொடுவதே இல்லை.

"இதக் குடுங்கண்ணே. ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, வாய் தொறக்காது. இன்னிக்கே குடுங்க."

"பார்க்கலாம்மா."

"என்ன பார்க்கலாம்? மூச்சு அவருது, மாஸ்க் யாருதா இருந்தா என்ன?"

பெட்டி என் பையில். பேரரசர்கள் பிறர் தந்த பரிசை உடனே திறப்பதில்லை. இன்றிரவுக்கு என் மாஸ்க்கிலேயே துணி உறையைச் சேர்த்து அனுப்பினேன்.

டிச. 5, வியாழன். வெக்கை.

காலை ஏழு, செல்வி: "ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்." அவ்வளவுதான். மீதி ஐந்து, வேண்டியதும் ஐந்து.

அரை நாள் லீவு போட்டேன். 11.45 தெம்பனிஸ். மா. டிப்போவில். செல்விக்கு என் மகா திட்டத்தை விளக்கினேன். மெஷினுக்குக் கண் கிடையாது, மூச்சு யாருடையது என்று அதற்குத் தெரியாது. மதியம் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை அதற்கு ஒரு நாள். நான் சவரம் செய்த ராஜமுகம். நாலு மணி நேரம் நான் தூங்கித் தந்தால் இன்றைய கணக்கு முடிந்தது.

"தப்பு இல்லயாண்ணே?"

"தூக்கத்துல என்னடி தப்பு?"

விரலால் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெஷினை சோபா பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டேன். கசிவு பூஜ்யம். ஆகா, என்ன பொருத்தம்! கும்பகர்ணன் எழுந்து வந்து சந்தா கட்டியிருப்பான். தூங்கிப்போனேன்.

கண் விழித்தால் எதிரே கறுப்பு வேட்டி. மா. பஜனைக்கு முன் குளிக்க வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. நான் பேச வாயைத் திறந்தேன், மெஷின் காற்று என் வாய் வழியே புஸ்ஸென்று வெளியேறியது. யாரும் சிரிக்கவில்லை.

"எத்தன மணி நேரம், மச்சான்?"

"நாலேகால். முடிஞ்சிருச்சு, மாப்பிள்ள. இன்னிக்குக் கணக்கு ஓகே."

"பஸ்ஸ நீங்க ஓட்டுவீங்களா?"

வாரை அவிழ்த்து மாஸ்க்கைக் கழற்றினேன்.

"அன்னிக்கு லைட்டு செவப்பா இருந்துச்சு, நின்னிருந்தேன். பச்சையா இருந்திருந்தா? பின்னாடி உக்காந்திருந்தது நாப்பது பேரு."

செல்வி அழ ஆரம்பித்தாள். அவர் போனை எடுத்தார். கிளினிக்.

"இன்னிக்கு மதியம் ஓடுனது நான் இல்ல சிஸ்டர். வேற ஆளு. எழுதிக்குங்க." இன்றைய வரி கணக்கில் சேராது என்று சொல்லியிருப்பார்கள். "ஆமா, தெரியும். பரவால்ல."

குளிக்கப் போய்விட்டார். எம்.ஆர்.டி. ரயிலில் லாவண்டர் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் நிறைய இருந்தது.

டிச. 6, வெள்ளி.

செல்வி போனை எடுக்கவில்லை. ஏழு முறை. எழுபது என்று எழுதலாம், ஏழுதான்.

ஜெ.: "போட்டுப் பார்த்தாரா அண்ணே?" "ம்." பதில் அவ்வளவுதான்.

ஏழாம் தலையின் தாடியைப் பிய்த்துப் போட்டேன். பசை போகவில்லை.

டிச. 7, சனி. தூறல்.

குடை இல்லாமலே தெம்பனிஸ். மா. கதவைத் திறந்தார், "வாங்க மச்சான்" என்றார், எப்போதும்போல. அது திட்டியதைவிட மோசம்.

பெட்டியைக் கொடுத்தேன். "புதுசு. நேத்துதான் ரெடியாச்சு."

பாயில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். குமிழ் மூன்று அளவு. நடு அளவு பொருந்தியது. குழாய் தரையில் இழுபடாமல் நாற்காலி முதுகில் துணியால் கட்டினேன். காதை அவர் முகத்தருகே வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. மீசை முடி ஒன்றுகூட அசையவில்லை.

"இது ஒண்ணுமே மாட்டாத மாதிரி இருக்கு," என்றார். செல்வி எனக்கு கோப்பி கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை, ஆனால் சர்க்கரை போட்டிருந்தாள்.

டிச. 8, ஞாயிறு.

காலை 6.50, செல்வி: "ஆறு மணி இருபது நிமிஷம்! நான் எண்ணவே இல்லண்ணே. தூங்கிட்டேன்."

லிட்டில் இந்தியாவே கேட்கும்படி கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

டிச. 9, திங்கள்.

ஐந்தே முக்கால் மணி நேரம். நாளைக் காலைக் கணக்கும் வந்தால் மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு. எந்தத் தேசத்து வாய்ப்பாட்டில் போட்டாலும் எட்டு.

குடை வாங்கினேன். பேருந்தில் விட்டுவிட்டேன்.

டிச. 10, செவ்வாய். பலத்த மழை.

கிளினிக்குக்கு நானும் போனேன். டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார். வியாழக்கிழமை வரியைப் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு மா.வை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு. இன்னும் ரெண்டு ராத்திரி இதே மாதிரி காட்டுங்க. வியாழக்கிழமை லெட்டர் தர்றேன். எட்ட பத்துன்னு நான் எழுத முடியாது."

"எழுத வேணாம் டாக்டர்," என்றார் மா.

வராந்தாவில் முதலாளிக்குப் போன் செய்தார். நானும் பக்கத்தில். முதலாளி சொன்னது எனக்கே கேட்டது: நாளையிலிருந்து அந்த பஸ்ஸுக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது. லெட்டர் வந்தால் பார்க்கலாம். எந்த பஸ், எந்த நேரம், எப்போது, ஒன்றும் சொல்ல முடியாது.

போனை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் முந்தி இது ரெடியாகியிருந்தா சரியா இருந்திருக்கும். பரவால்ல மச்சான். நீங்க என்ன பண்ணுவீங்க, ராப்பகலா உக்காந்து செஞ்சு கொடுத்திருக்கீங்க."

நான் தலையாட்டினேன்.

இந்த நோட்டைத் திருப்பிப் படித்தேன். திமிங்கிலம் பொய். புலி பொய். ராஜமுகம் பொய். ஆறு கண்டம் பொய், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஜோகூரைத் தாண்டி நான் மூக்கு அளந்ததில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். வியாழக்கிழமை மதியம் நான் அவர் சோபாவில் படுத்து அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தாவின் பெட்டி என் காலடியில், பைக்குள் இருந்தது.