கிருத்திகைப் பொங்கலும் சுமதியின் இன்டர்வியூவும்

ஆடி, திங்கள்.
காலையில் தூறல், பிறகு புழுக்கம். மிளகாய் காயவில்லை. முட்டி வலி.

மருமகள் சுமதிக்குத் திருப்பதி ஆபீசில் இன்டர்வியூவாம். பள்ளிப் பிள்ளைகள் டேப்லெட்டில் பார்க்கிற பாடம் செய்கிற ஆபீஸ். தெலுங்குப் பாடம், நம் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தமிழ்ப் பாடம், இரண்டும் வீட்டிலிருந்தே இவள் செய்கிற கைவேலை. மீட்டிங்கில் எழுந்து பேசுவது மட்டும் யாராவது ஒரு சார். இப்போது டீமுக்குத் தலைமை இடம் காலி. பெண்ணும் வரட்டும் என்று அங்கே ஒரு மேடம் இவள் பெயரைக் கொடுத்துவிட்டாளாம்.

நாள்தான் தகராறு. ஆடிக் கிருத்திகை அன்று. திருப்பதி ஆபீசுக்கு அது லீவு இல்லை. நம் வீட்டிலோ மருமகள் பொங்கல் வைத்தால்தான் திருத்தணிக்குக் காவடி கிளம்பும்.

செவ்வாய்.
கியாஸ் வந்தது. நான் அவரைக்கொட்டை உரிக்க, சுமதி எதிரே நின்று இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகினாள். வாய்க்கு வாய் "சார் கைடன்ஸ்ல".

"எந்த சாரும்மா? ராவெல்லாம் லைட்டப் போட்டுக்கினு குந்தினு இருந்தது நீதான?"

சிரித்தாள். பிறகு, "இன்னாத்துக்கு அத்தை, நகரி அத்தை விடமாட்டாங்க. மேடம்கிட்ட வேணாம்னு சொல்லிட்றேன்."

மகனைக் கேட்டேன். "நீங்களே பேசிக்குங்கம்மா." கிரிக்கெட் பார்க்கிறான். அவன் அப்பனும் இப்படித்தான்.

நகரி அத்தை என்றால் என் நாத்தனார் கன்னியம்மா. என்னை அங்கன்வாடி வேலைக்குக் கூப்பிட்ட அன்றும் கிருத்திகைதான். "பொங்கப் பானைய யாரு எறக்குவா?" என்றாள். பச்சைச் சேலை, வாயில் வெற்றிலை. வேலை அவள் ஓரகத்திக்குப் போனது. மறக்கவில்லை.

புதன்.
கன்னியம்மாவுக்குப் போன். சுமதி வீட்டுக்குத் தூரம், பானையைத் தொடக் கூடாது, நானே வைக்கிறேன் என்றேன்.

"இன்னாடி, சரியா கிருத்திகைக்குதான் வரணுமா?"

"அத நான் இன்னா நாள் பாத்தா அனுப்புனேன், அண்ணி?"

சுமதியிடம், நகரி அத்தை ஒத்துக்கொண்டாள், நீ போ என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் பொய்க்கு ஒப்பமாட்டாள்.

கிருத்திகை, வியாழன்.
வெயில். சுமதி விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். பொங்கல் நானே. புகை, கண் எரிச்சல், இடுப்பு விட்டுப்போயிற்று. மகன் காவடி எடுத்துக் கிளம்பினான்.

சாயங்காலம் பேத்தி போனோடு வந்தாள். "ஆயா, அம்மா ஸ்டேட்டஸ் பாரு." இன்டர்வியூ முடிந்து ஆபீஸ் பெண்களோடு கோவிந்தராஜர் கோயில் கோபுரம் எதிரே. கையில் பிரசாதத் தொன்னை. பல் தெரியச் சிரிப்பு.

போச்சு. கன்னியம்மா பார்க்காத ஸ்டேட்டஸ் உண்டா.

வெள்ளி.
கன்னியம்மா வந்தாள். தெரு கேட்கக் கத்தினாள். "தீட்டோட கோயிலுக்குப் போனாளா, இல்ல நீ பொய் சொன்னியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

சுமதி ஒன்றும் புரியாமல் கதவருகே. முகம் வெளுத்துவிட்டது.

"பொய்தான். நான்தான் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"சாமி காரியத்துல பொய்யா? இனிமே உன் வாசப்படி மிதிச்சா கேளு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். சாமி குற்றம் என்று ஏதாவது வந்தால் என் தலையில். வரட்டும்.

சனி.
மழை. வேலை சுமதிக்கே. மேடம் போனில் அழுதாளாம், இவளும் அழுதாள். இனி அந்த சார்களெல்லாம் இவளைக் கேட்டுத்தான் பாடம் போட வேண்டும்.

"எனக்காக இவ்ளோ பேச்சு வாங்கினீங்களே அத்தை."

"உனுக்காக இல்ல."

நிஜம் அதுதான். கல்யாணமாகி வந்த வாரமே என் குழம்பை எல்லோர் எதிரிலும் உப்பு என்றவள். அதையும் மறக்கவில்லை.

திங்களிலிருந்து ஏழு மணி பஸ்ஸாம். பேத்திக்குச் சடை, இரண்டு சாப்பாட்டு டப்பா, எல்லாம் இனி நான். உளுந்து வாங்க வேண்டும். முட்டிக்குத் தைலம்.