கொக்கி இடுக்கில் குங்குமம்

மட்டாஞ்சேரி,
10.11.1981

அன்புள்ள அம்மாவுக்கு, பிச்சைமணி வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

கிடங்கில் மூட்டை தூக்கும் கிரேனைப் போன வாரம் அதிகாரி சோதித்தார். புதுக் கொக்கி எடையைத் தாங்கியது. அதில் நம்பர் குத்திவிட்டுப் போனார். இன்று தொங்கும் கொக்கியிலும் அதே நம்பர்தான். ஆனால் ஆயுத பூஜையன்று, வாய் விரிந்த பழைய கொக்கிக்கு நான் வைத்த குங்குமம் இதன் இடுக்கில் அப்படியே இருக்கிறது! பழையதையே வாயை நெருக்கி, அதே நம்பரைக் குத்தி மாட்டிவிட்டார்கள் போல. மேஸ்திரி ஔசேப்பிடம் கேட்டேன். "நம்பர் உண்டல்லோ, பின்னே என்ன சந்தேகம்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே சரியில்லை.

பயப்படாதீர்கள், நான் அதற்கு நேர் கீழே நிற்பதில்லை. தம்பியை மட்டும் இப்போது இங்கே வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

நம் கோவில் குங்குமம் நிறைய அனுப்புங்கள். யாராவது கேட்டால் சாமிக்கு என்று சொல்லிக்கொள்வேன். அடுத்த சோதனைக்குள் எல்லாக் கொக்கிக்கும் வைத்தாக வேண்டும், மாற்றினால் அதுவே காட்டிக்கொடுக்கும். மேஸ்திரி இந்தப் பக்கமே பார்க்கிறார், நிறுத்துகிறேன்.

பிச்சைமணி