பொருந்தாத அங்கி

ஜூன் 3

ஒத்திகைக் கூடத்தில் எல்லோருக்கும் நாங்கள் நாடகமாகப் போடப்போகும் கவிதையின் பிரதி கொடுத்தார்கள். தையல்காரி எனக்கும் ஒன்று. நீட்டியவர் சரித்திரம். எங்கள் நாடகக் குழுவின் இயக்குநருக்கு நான் வைத்த பெயர் அது. அந்தச் சொல் இல்லாமல் அவரால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

"பாருங்கம்மா, ராணியோட டிரெஸ் சரித்திரத்துலேருந்து அப்படியே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கணும்."

எந்தக் காலத்துச் சரித்திரம் என்று கேட்டேன். "பழைய காலம்" என்றார். போதுமே! இதை வைத்தே துணி வெட்டிவிடலாம்.

ஜூன் 4

கவிதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். மன்னன் போரில் விழுந்த மறுநாள், ராணி அவனுடைய அங்கியைப் போட்டுக்கொண்டு அவைக்கு வருகிறாள். "தோள் சரிந்திருந்தது, விரல் தெரியவில்லை, அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை."

எனக்கு வேண்டிய அளவெல்லாம் இந்த வரியிலேயே இருக்கிறது. ஆணுக்கு வெட்டிப் பெண்ணுக்குப் போட வேண்டும். பொருந்தவே கூடாது. இத்தனை வருஷமாகக் கண்டவர்களின் தொப்பைக்கும் கூனுக்கும் பொருத்திப் பொருத்தித் தைத்த கைக்கு இப்படி ஒரு வேலை. சந்தோஷமாக இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருந்தாலும்.

ஜூன் 9

கனமான பருத்தி, கருஞ்சிவப்புச் சாயம். மன்னன் அளவுக்கு லைட்காரரை நிற்க வைத்தேன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பவர்.

"எனக்கா டிரெஸ்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"செத்துப்போன ராஜாவுக்கு" என்றேன். அதற்கப்புறம் டேப்பைப் பிடித்துக்கொள்ளக்கூட முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 15

அளவு பார்க்க ராணி வந்தாள். ராணியாம்! சோப்பு விளம்பரத்தில் முகம் கழுவியவள், அதற்கு மேல் ஒரு தகுதியும் நான் கேள்விப்படவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, இதுக்குள்ள நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். நாடகமே அதுதான், அது இவளுக்கு எங்கே புரியப் போகிறது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

சரித்திரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஜனங்க சிரிச்சிடுவாங்கம்மா. தோளைத் தூக்குங்க, இடுப்புல பிடிங்க."

அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"கவிதை வேற, மேடை வேற. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வெளியில குடுத்துக்கறேன்."

வெளியில் கொடுத்தால் என்ன ஆகும்? ஜிகினா ஒட்டிக் கொண்டுவருவார்கள். இந்த மனுஷனும் சரித்திரம் ஜொலிக்கிறது என்பார்.

ஜூன் 16

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இடுப்பு தெரியவில்லை என்பதுதான் கவலை போலிருக்கிறது.

ஜூன் 18

தங்கை சாப்பிடும்போது சொன்னாள்: "நீ யாரைத்தான்க்கா மனுஷனா மதிச்சிருக்க? அவங்க கேட்ட மாதிரி பிடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

பிடித்தே கொடுக்கிறேன். ஆனால் மிஷினில் இல்லை. கையால், நீளநீளமான ஓட்டுத் தையல், கடைசியில் முடிச்சுப் போடாமல். மூன்றாவது காட்சியில் சபதம் போட அவள் இரண்டு கையையும் தூக்குவாள். அப்போது கழன்று, அங்கி தன் அளவுக்கு வரும். சோப்புக்காரி அழுதுகொண்டு ஓடுவாள். ஓடட்டுமே. பார்க்க வந்தவர்கள் ஒரு நிமிஷமாவது சரியான அங்கியைப் பார்ப்பார்கள்.

ஜூன் 22

கடைசி ஒத்திகை. அங்கி இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டேன். சொந்தப் புடவையிலேயே சபதம் போட்டாள்.

ஜூன் 23

இன்று நாடகம் அரங்கேறியது. எழுதி முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது காட்சி. கையைத் தூக்கினாள். முதலில் தோள் போச்சு, அப்புறம் இடுப்பு. அங்கியின் கை இறங்கி விரலை மூடிக்கொண்டது. பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். மேடையோரத்தில் நின்ற எனக்கு— உண்மையைச் சொல்கிறேன்— குளுகுளு என்று இருந்தது.

அவள் ஓடவில்லை.

நின்றாள். குனிந்து தன்னையே பார்த்தாள். அப்புறம் விரலை மூடிய அந்தத் துணியை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவ்வளவுதான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. சபதம் முழுவதையும் அந்தத் துணிக்குள்ளிருந்தே சொன்னாள், குரலை உயர்த்தாமல். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

இதை யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா? கவிதையில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

திரை விழுந்ததும் நேராக என்னிடம் வந்தாள். கையில் நீளமாக அந்த நூல். "அக்கா, இதுல முடிச்சே இல்லையே" என்றாள். அதற்குள் சரித்திரம் பறந்துகொண்டு வந்தார்: "யாரு பண்ணின வேலை இது?"

"நான்தான் சார், கையை வேகமாத் தூக்கிட்டேன்."

நூலை உருட்டி என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள். வெட்கமாக இருக்கிறது. வேறென்ன சொல்ல.

ஜூன் 24

அங்கியின் தையல் அவிழ்ந்தது தன்னுடைய கற்பனை என்று சரித்திரம் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஜூன் 25

தையல் அறைக்கு வந்தாள். இனி எல்லா நாளும் அப்படியே கழல வேண்டுமாம், எந்த இழையில் பிடிப்பு இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்காமல், அன்றைக்கு நடந்ததற்கு மன்னிச்சுக்கோம்மா என்றேன். எத்தனை வருஷமாயிற்று இந்த வார்த்தையைச் சொல்லி?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இழுத்து விட்டிருப்பேனேக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 30

டிக்கெட் வாங்கி, தங்கையோடு முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். லைட்காரர் அவள் முகத்தில் விட வேண்டிய வெளிச்சத்தைத் தூணில் விட்டார். சரித்திரம் ஓரத்தில் நின்று எல்லோருடைய வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அவளிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை பார்த்ததில் அங்கியின் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அது நான் தைத்தது.